வாத்துபோல இருமுகிறதா உங்கள் பொமரேனியன்?

காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்பார்கள். இப்படிப்பட்ட ஊர்களிலும் இப்போது நாட்டு நாய்க்குப் பக்கத்தில் பொமரேனியனைப் பார்க்க முடிகிறது. வயது ஏறும்போது சில பொமரேனியன்களுக்கு ஒரு வறட்டு இருமல் வரும். கேட்டால் வாத்து கத்துவதுபோல இருக்கும். ‘எலும்பு சிக்கியிருக்கும்’ என்று சோற்று உருண்டையை விழுங்கவைப்பவர்கள் உண்டு. பிரச்னை பெரும்பாலும் மூச்சுக்குழாயில்!

மூச்சுக்குழாயைத் திறந்தே வைத்திருப்பவை, ஆங்கில ‘சி’ எழுத்து வடிவக் குருத்தெலும்பு வளையங்கள். பொமரேனியன், பக், சிவாவா போன்ற சின்ன நாய்கள் சிலவற்றில் இவை பலமிழந்து, பழைய ஹோஸ் பைப் மாதிரி அமுங்கிவிடும். கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போதும், மார்புப் பகுதி மூச்சை விடும்போதும் சுருங்கும். அதனால் ஒரே எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். டாக்டரிடம் போனதும் இருமலும் நின்றுவிடும் (நம் பிள்ளைகளைப் போலத்தான்). இருமும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். இதய நோயிலும் இருமல் வரும் என்பதால் பரிசோதனை அவசியம்.

நோய் முற்றிய நாய்களுக்குத்தான் ஸ்டென்ட். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகத்தில் செய்த வலைக்குழாய் இது. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி வாய் வழியாகச் சுருக்கி உள்ளே விடுவார்கள். அது தானாக விரிந்து குழாயைத் தாங்கும். கழுத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. திணறிக்கொண்டிருந்த நாய்க்கு உடனே மூச்சு சீராகும்.

ஆனால், ‘இத்தோடு சரியாகிவிடும்’ என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். இருமல் முழுசாகப் போகாது, மாத்திரை தொடரும். வலை உடையலாம், நகரலாம், உள்ளே சதை வளரலாம். மருந்துக்கு அடங்காத நாய்க்கு மட்டும்தான் இந்த வழி.

பல நாய்கள் அதற்கு முன்பே சமாளித்துவிடும். முதலில் எடை குறைய வேண்டும். தட்டில் மிஞ்சியதையெல்லாம் போடுவதை நிறுத்துங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். விறகடுப்புப் புகை, கொசுவத்தி, சாம்பிராணி பக்கமே விடக்கூடாது. நமக்கு வாங்கிய இருமல் டானிக்கை ஊற்றவே கூடாது. அதில் நாய்க்கு விஷமாகும் பொருள்கள் இருக்கலாம்.

உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால், 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. நாக்கோ ஈறோ நீலமானால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். போகும் வழியில் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு அணைக்காமல், நல்ல காற்றுப் படும்படி மடியில் விட்டுவிடுங்கள்.