எல்லாருக்கும் ஏற்ற பொதுக் கழிப்பறை



டிசம்பர் 3 என்றதும் நாகர்கோவிலில் வாழும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவும், தேரும், உள்ளூர் விடுமுறையுமே நினைவுக்கு வரும். அதே டிசம்பர் 3-ஆம் நாள்தான் உலக மாற்றுத்திறனாளிகள் நாளும் ஆகும். 1992-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்நாளைக் குறித்தது. இரண்டும் ஒன்றாய் அமைந்தது தற்செயலே. எனினும், ஊர் கூடும் இடங்களுக்கு ஊரார் எல்லாராலும் வர முடிகிறதா என்று எண்ணிப் பார்க்க அந்நாள் நம்மைத் தூண்டுகிறது அன்றோ? அவ்வினாவுக்கு விடை, நாம் பேசவே கூசும் ஒரு சிறிய அறையில் இருக்கிறது. அதுதான் கழிப்பறை.

பாட்டியின் தண்ணீர்ச் செம்பு

என் பாட்டிக்கு மூட்டுவலி உண்டு. வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் இரவே தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், “போற எடத்துல குத்தவச்சு எழும்ப முடியாது மக்கா” என்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பும் வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கினோம். கழிப்பறை வாசலில் உயரமான மூன்று படிகள் இருந்தன. பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. உள்ளே தரை வழுக்கியது. பாட்டி ஒரு படி ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த வாரமே சிறுநீர்த் தொற்று வந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், நெடுநேரம் அடக்கி வைப்பதும் கூடாது என்று மருத்துவர் கண்டித்தார். அதன்பின் பாட்டி தண்ணீரைக் குறைக்கவில்லை, பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள்.

பாட்டியின் கால்கள் மட்டுமா அவர்களை வீட்டில் இருத்தின? அந்த மூன்று படிகளுமன்றோ!

யார் யாருக்குத் தேவை?

இவ்வசதி சக்கர நாற்காலியில் வருவோருக்கு மட்டும் உரியது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார், கால் முறிந்து கட்டுப் போட்டவர், பார்வையற்றோர் எனப் பட்டியல் நீளும். நோயுற்ற கணவரைத் தாங்கி வரும் மனைவி எந்தப் பக்கம் நுழைவார்? ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா? இதனாலேயே இருபாலரும் நுழையத் தக்க தனி அறை ஒன்றும் வேண்டும் என்கின்றனர் வல்லுநர்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர். அவர் கல்லூரியில் பயின்றபோது, அவருடைய சக்கர நாற்காலி கழிப்பறை வாசலில் நுழையவில்லை. வலியோருக்கு ஒன்று, மெலியோருக்கு வேறொன்று எனப் பிரிக்காமல், தொடக்கத்திலேயே எல்லாருக்கும் பயன்படக் கட்ட வேண்டும் என்ற கருத்தை 1980-களில் அவர் பரப்பினார். ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்று அதனைக் கூறலாம்.

எப்படி அமைப்பது?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என அஞ்ச வேண்டா. பெரும்பாலும் இது அளவைச் சார்ந்த செய்தியே.

வாசலில் படியோடு சாய்தளமும் வேண்டும். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. அதைவிடச் செங்குத்தானால் நாற்காலியைத் தள்ளுபவர் மூச்சுத் திணறுவார். இறங்கும்போது ஆபத்தும் உண்டு.

கதவு திறந்த நிலையில் வழி 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி இருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும் அல்லவா?

உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் இடம் வேண்டும். இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நாற்காலிக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறலாம். பக்கச் சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி வேண்டும். திருகும் குழாயை விடத் தள்ளித் திறக்கும் குழாய் நலிந்த விரல்களுக்கு ஏற்றது. வழுக்காத தரை, விழுந்தவர் கைக்கு எட்டும் அழைப்பு மணி, தடவி அறியும் எழுத்துப் பலகை ஆகியனவும் தேவை. பெண்கள் பகுதியில் மூடியுள்ள குப்பைக் கூடையும், பை மாட்டக் கொக்கியும் இன்றியமையாதன.

நம் நாட்டு நிலை

1995-ஆம் ஆண்டுச் சட்டமே சக்கர நாற்காலியாளருக்கு ஏற்ற கழிப்பறை பற்றிக் கூறியது. ஆனால் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்ற சொற்றொடரும் அதில் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம், விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றியமைக்கக் கட்டளையிட்டது. விதிகள் 2017-இல் வந்தன. எனவே கெடு 2022-இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், இத்தகைய அளவுகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டிலும் நல்ல முயற்சி நடந்ததுண்டு. 2012-13 ஆண்டுகளையொட்டித் தாம்பரத்தில் தொடங்கிய ‘நம்ம டாய்லெட்’ திட்டம், வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறைகளோடு மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளத்தையும் கைப்பிடியையும் வடிவமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது.

எனினும் கட்டினால் மட்டும் போதுமா? பல இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று தெரியாது. சில இடங்களில் அது துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகிவிட்டது. பூட்டிய கழிப்பறை, கட்டாத கழிப்பறையே ஆகும்.

நாம் செய்யக்கூடியது

தோழியரே! தையல் வகுப்பில் பயன்படுத்தும் அளவு நாடா நம்மிடம் உண்டு. நம் வீட்டுக் கழிப்பறை வாசலை ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்றடி இருக்கிறதா? பிடித்து எழக் கம்பி உண்டா? எங்கள் வீட்டில் அப்பா ஒரு கம்பி பொருத்தினார். பாட்டி இப்போது யாரையும் அழைக்காமல் தாமே எழுகிறார்கள். பெற்றோரே, புது வீடு கட்டும்போதே இதனைக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

நாளை நம்முள் சிலர் பொறியாளராகலாம். சிலர் மாநகராட்சி மன்றத்தில் அமரலாம். அப்போது ஒரு வரைபடம் நம் முன் வைக்கப்பட்டால், நம் பாட்டி இதற்குள் தனியே சென்று வர முடியுமா என்று முதலில் கேட்போம். முடியும் என்றால், அங்கே எல்லாராலும் சென்று வர இயலும்.