ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி

கணினிக் கைவைத்தியம் – 14

"சார், கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்திருச்சு. தமிழெல்லாம் இங்கிலீஷா மாறிப்போச்சு."

கோயில் கமிட்டிக் கணக்கு எழுதுபவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் என்று யார் அழைத்தாலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். வைரஸ் எதுவும் இல்லை. கோப்பும் கெடவில்லை. புதுக் கணினி வாங்கியிருப்பார்கள். பழைய கணினியிலிருந்த வேர்டு கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து திறந்திருப்பார்கள். 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும்.

அந்த ஐந்தும் சேர்ந்தால், பாமினி எழுத்துருவின் கணக்குப்படி, 'தமிழ்'தான். ஜே என்பது 'த'. கே என்பது 'ம', அதையடுத்த பி இகரக் குறி. ஓ என்பது 'ழ', அரைப்புள்ளி அதன் மேல் வைக்கும் புள்ளி. இப்படித் தட்டிப் பழகிய விரல்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்னமும் நிறைய உண்டு.

கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்து ஏற்பாடு இது. அன்றைய எழுத்துருக்களில் மொத்தமே 256 இடங்கள்; அவற்றில் ஆங்கிலம் ஏற்கெனவே குடியேறியிருந்தது. எழுத்துரு செய்தவர்கள் ஜே-யின் வீட்டுக்குள் 'த'வைக் குடிவைத்தார்கள். திரையில் பார்ப்பவருக்கு 'த' தெரியும். கணினியின் நினைவில் ஜே மட்டுமே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால், அது தனக்குத் தெரிந்த ஜே-யைக் காட்டுகிறது. அதன் மேல் தப்பில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தம் இஷ்டப்படி குடிவைத்தார். பாமினியில் ஜே-யில் இருக்கும் 'த' வேறோர் எழுத்துருவில் வேறெங்கோ இருக்கும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதன் வழியே அரசு அங்கீகாரம் பெற்றன. இணையத்தில் இயங்கிய தமிழர்கள் அதற்கு முன்பே திஸ்கி என்ற முறையைக் கட்டி எழுப்பியிருந்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு அது மேசைக்கும் வந்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இத்தனைக்குப் பிறகும் பழைய எழுத்துருக்கள் சாகவில்லை. டிடிபி கடைகளின் செல்லப்பிள்ளையான பேஜ்மேக்கர் 7, 2001-இல் வந்தது. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அடோபி அதன் மேம்பாட்டை நிறுத்திய பிறகும் கடைக்காரர்கள் நிறுத்தவில்லை. நோட்டீஸ், ஆண்டு மலர், மணிவிழா மலர் எல்லாம் அதிலேயே ஓடின. பழகிய வேகத்தை விட்டுவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு யாரும் கூலி தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி மருத்துவம். இந்த நிலையில் பெரும்பாலோர் கூகுளில் 'தமிழ் எழுத்து தெரியவில்லை, என்ன செய்வது' என்று தட்டுகிறார்கள். வந்து விழுபவை விதவிதமானவை. விண்டோஸ் எக்ஸ்பி குறுந்தகட்டைப் போட்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவச் சொல்லும் பதில் ஒன்று. அந்தக் காலத்தில் சரியான பதில்தான். இன்றைய விண்டோஸில் அந்த இடமே கிடையாது. பதிலுக்கு அடியில் தேதி பார்க்கும் பழக்கம் இருந்தால் இதில் அரை நாள் போகாது. கருப்புத் திரையைத் திறந்து 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' என்று கட்டளை கொடுக்கச் சொல்லும் பதில் இன்னொன்று. எந்த நோய்க்கும் இணையம் எழுதிக்கொடுக்கும் கஷாயம் அது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுதாகியிருந்தால் சரிசெய்யும். உங்கள் பாமினி கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மூன்றாவது பதில் கொஞ்சம் ஆபத்தானது. வட்டார அமைப்புகளுக்குள் போய், யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையை உலக மொழிகள் அனைத்துக்கும் பயன்படுத்து என்ற 'பீட்டா' கட்டத்தில் டிக் போடச் சொல்லும். போட்டால் கணினி முழுவதற்கும் அது பொருந்தும். யூனிகோட் தெரியாத பழைய கணக்கு மென்பொருளோ பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ ஓடிக்கொண்டிருந்தால், இதுவரை ஒழுங்காக இருந்ததும் உளற ஆரம்பிக்கலாம். ஒரு கோப்பில் உள்ள கோளாறுக்குக் கணினி முழுவதையும் மாற்றச் சொல்லும் எந்த ஆலோசனையையும் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுங்கள்.

உதவி தேடுவதற்கு முன்னால் தேட வேண்டிய சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சொல் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. குப்பையாகத் தெரியும் வரியில் கர்சரை வைத்து, மேலே ஹோம் பட்டையில் எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை மறப்பதில்லை. பாமினி என்றோ வானவில் அவ்வையார் என்றோ அங்கே எழுதியிருக்கும். ஒரு கோப்பில் காணாமல்போன எழுத்துருக்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், ஆப்ஷன்ஸ் பெட்டியில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்ற பொத்தான் இருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'டு யூனிகோட்' என்று சேர்த்துத் தேடினால், எக்ஸ்பி காலத்துப் பதில்கள் ஒதுங்கி, வேண்டியது முன்னால் வந்து நிற்கும்.

கோப்பைப் படித்தால் மட்டும் போதும், அச்செடுத்தால் போதும் என்பவர்கள் அந்த எழுத்துருவை நிறுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கோப்பு தொடர்ந்து புழங்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், ஒரு பெயரைத் தேடினால் கிடைக்க வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். பாமினியில் இருக்கும் வரை, 'முருகேசன்' என்று யூனிகோடில் தட்டித் தேடினால் கணினி இல்லை என்றே சொல்லும். அதன் பார்வையில் அந்தக் கோப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் கணினியில் நிறுவிக்கொள்வது. பொங்குதமிழ் போன்றவை இணையப் பக்கத்திலேயே இயங்குபவை. ஒரு பெட்டியில் பழையதை ஒட்டி, எந்த முறை என்று தேர்ந்தெடுத்தால் மறு பெட்டியில் தமிழ் வரும். தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் படிக்க முடியாத தமிழ் வரும்; அடுத்ததைப் போட்டுப் பார்க்கலாம், மூலக்கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு சங்கடம் மட்டும் இந்தக் கருவிகளுக்குப் பொது. கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலம் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். ஆங்கிலத்தில் அடித்த பட்டங்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வாயில் நுழையாத தமிழாக வந்து நிற்கும். ஆண்டு மலர் மாதிரி நீளமானவற்றைப் பத்தி பத்தியாக, ஆங்கிலத்தை விலக்கி மாற்றுவதைத் தவிரக் குறுக்குவழி எனக்குத் தெரியாது. அலுப்பான வேலைதான். அச்சான புத்தகம் கையில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சொத்துப் பத்திரம், உறுப்பினர் முகவரி, வங்கி விவரம் உள்ளவற்றை முன்பின் தெரியாத பக்கத்தில் ஒட்ட வேண்டாம். மாற்றும் பக்கத்தைத் திறந்துவிட்டு, வைஃபையை அணைத்து, வேறு ஏதாவது நான்கு வரியை ஒட்டிப் பாருங்கள். இணையம் இல்லாமலும் மாற்றித் தருகிறது என்றால், மாற்றும் வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. மாற்றாமல் முழித்தால், நீங்கள் ஒட்டுவது எங்கோ போய் வருகிறது. அதைவிட மோசம், தேடல் முடிவில் விளம்பரமாக வரும் 'உதவி எண்'. அழைத்தால் உங்கள் திரையைத் தம் கைக்கு எடுக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அடுத்து வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால் அது வேறு கதை, சுலபமானதும்கூட. உள்ளே இருப்பது சரியான தமிழ்; வரைந்து காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10, 11-இல் லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை. செட்டிங்ஸில் விருப்ப வசதிகள் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று இருப்பதைச் சேர்த்தால் வந்துவிடும். அதுவரை வரியைத் தேர்ந்தெடுத்து நிர்மலா யுஐ-க்கு மாற்றினாலும் தெரியும்.

இப்போது அதிகம் வரும் புகார் எக்செல் பற்றியது. முன்னாள் மாணவர் சந்திப்புக்குக் கூகுள் ஃபார்மில் பெயர் வாங்குகிறார்கள். அதைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி இரட்டைச் சொடுக்குப் போட்டால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி. திரும்பத் திரும்ப இதுவே. இதைப் பார்த்ததும் பழைய எழுத்துரு என்று நினைத்துப் பாமினி மாற்றியில் போட்டுக் கஷ்டப்படுபவர்கள் உண்டு. இது முழுக்க முழுக்க யூனிகோட். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். எக்செல் அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது. தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட்டு ஒன்றே என்பதால்தான் அந்த 'ஏ' விடாமல் வருகிறது.

அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். வெற்று எக்செல் ஒன்றைத் திறந்து, டேட்டா பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். 'ஃபைல் ஒரிஜின்' என்று கேட்கும் இடத்தில் பட்டியலைக் கீழே உருட்டி 65001 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தால் முன்னோட்டத்திலேயே தமிழ் தெரியும். கூகுள் ஷீட்ஸிலிருந்து முதலிலேயே எக்செல் கோப்பாக இறக்கியிருந்தால் இந்த வேலையே இல்லை.

இதுவரை சொன்னவற்றில் எதிலும் ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை. தொலைவது ஒரே இடத்தில்தான், அது நாம் கவனிக்காமலே நடந்துவிடும். தமிழ் உள்ள தாளை எக்செல்லில் வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தாலோ, நோட்பேடில் 'ஆன்சி' என்று சேமித்தாலோ, தமிழெழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். விண்டோஸின் அந்தப் பழைய எழுத்துப் பட்டியல்களில் தமிழுக்கென்று ஒன்றுகூட இல்லை. நோட்பேடில் சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கை வரும். நாம்தான் படிக்காமல் ஓகே கொடுத்துவிடுவோம். எக்செல்லில் சேமிக்கும் வகைப் பட்டியலிலேயே 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று இன்னொரு வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோட்பேடு 2019-க்குப் பிறகு தானாகவே யுடிஎஃப்-8 பக்கம் வந்துவிட்டது.

கேள்விக்குறி விழுந்த கோப்பை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாக மாறும், 'மதுரை'யும் ஐந்துதான். எது எது என்று சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. கேள்விக்குறி ஆவதற்கு முந்தைய பிரதியைத்தான் தேட வேண்டும்: யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பு, ஒன்டிரைவின் பழைய பதிப்புகள், கூகுள் ஷீட்ஸில் இருக்கும் மூலத்தாள், அதுவும் இல்லாவிட்டால் அந்தப் பென் டிரைவ்.

பிடிஎஃப் கோப்பில் தமிழ் அழகாகத் தெரிந்து, நகலெடுத்து ஒட்டினால் மட்டும் குப்பையாகும் கூத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)