கண்ணாடியைத் துடைக்கும் முன் கழுவுங்கள்

பார்வை மங்கலாக இருப்பதாகக் கூறிக் கண் மருத்துவரிடம் வருவோருள் சிலருக்குக் கண்ணில் புதிய குறை எதுவும் இருப்பதில்லை. அவர்கள் அணிந்திருக்கும் மூக்குக்கண்ணாடியின் லென்சில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும், பல மாதங்களாக ஏற்பட்ட நுண்ணிய கீறல்களுமே காரணமாக இருக்கும். பிசுக்கைக் கழுவி நீக்கலாம். கீறலை நீக்க இயலாது. லென்சையே மாற்ற வேண்டியிருக்கும். முதியோர்க்கு இது செலவு மட்டுமன்று. மங்கிய கண்ணாடியுடன் இரவில் படியிறங்கும்போது கால் இடறி விழவும் நேரலாம்.

கீறல் எவ்வாறு ஏற்படுகிறது?

இன்று பெரும்பாலான லென்சுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. எடை குறைந்தவை; எளிதில் உடையாதவை. ஆயினும் அவற்றின் மேற்பரப்பு, பழைய கண்ணாடி லென்சைவிட மென்மையானது. காற்றில் வரும் புழுதியில் கடினமான மணல் துகள்கள் உள்ளன. நெற்றியிலிருந்து உதிரும் திருநீறும் லென்சில் படிகிறது. உலர்ந்த நிலையில் துடைக்கும்போது இத்துகள்கள் துணிக்கும் லென்சுக்கும் இடையே சிக்கி, உப்புத்தாள் போல் தேய்க்கின்றன. சட்டை நுனி, புடவைத் தலைப்பு, துண்டு ஆகியவற்றால் துடைப்பதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். வாயால் ஊதித் துடைப்பதும் போதாது. அந்த ஈரம் துகளை அகற்றாது.

கழுவும் முறை

1. முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கையிலுள்ள எண்ணெய் லென்சில் ஒட்டும்.
2. குழாயை மெதுவாகத் திறந்து, சாதாரண நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ கண்ணாடியைக் காட்டுங்கள். புழுதி நீரோடு போய்விடும். வெந்நீர் கூடாது.
3. பாத்திரம் கழுவும் திரவச் சோப்பில் ஒரு துளியை விரல் நுனியில் எடுத்து, லென்சின் இரு பக்கங்களிலும் மெல்லத் தடவுங்கள். மூக்குத் தாங்கியையும், காதில் படியும் பகுதியையும் கழுவுங்கள். வியர்வையும் அழுக்கும் அங்கேதான் சேர்கின்றன.
4. சோப்பு முழுவதும் நீங்கும்வரை நீரில் அலசுங்கள். உப்புநீர் வரும் வீடுகளில், இறுதியாகக் குடிநீரால் ஒருமுறை அலசினால் வெண்திட்டுகள் படியா.
5. மெதுவாக உதறியபின், தூய மைக்ரோஃபைபர் துணியாலோ, துவைத்த மென்மையான பருத்தித் துணியாலோ ஒற்றி எடுங்கள்.

நாளொன்றுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும். சமையலறையில் தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் தெறிப்பதால், சமைப்பவர்கள் வேலை முடிந்ததும் மீண்டும் ஒருமுறை கழுவலாம். துடைக்கும் துணியையும் அடிக்கடி துவைத்து உலர்த்துங்கள்.

தவிர்க்க வேண்டியவை

ஒளிப் பிரதிபலிப்பைக் குறைப்பதற்காகப் பல லென்சுகளின்மேல் மிக மெல்லிய பூச்சு இடப்பட்டிருக்கும். வினிகர், அம்மோனியா கலந்த சன்னல் துடைக்கும் திரவம், பிளீச்சிங் திரவம், நகப்பூச்சு நீக்கி ஆகியன இப்பூச்சைக் கெடுக்கக்கூடும். பற்பசையும் சாம்பலும் லென்சைத் தேய்த்துவிடும். காகிதக் கைக்குட்டை மென்மையாகத் தோன்றினாலும் அதன் மர நார்கள் கீறலாம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் அடுப்பருகிலும் கண்ணாடியை வைக்காதீர்கள். வெப்பத்தில் லென்சும் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிவதால் பூச்சில் வெடிப்பு விழும். கழற்றியதும் உறையில் வையுங்கள். உறை இல்லையெனில் லென்ஸ் மேல்நோக்கி இருக்குமாறு வையுங்கள்.

உடனிருந்து கவனிப்போர்க்கு

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரப்படும் பாதுகாப்புக் கண்ணாடியில் சொட்டு மருந்தும் களிம்பும் ஒட்டும். நோயாளியின் கண்ணில் நீர் தெறிக்கக் கூடாது என்பதால், அவருக்காக நீங்களே கழுவி, நன்கு உலர்ந்தபின் அணிவியுங்கள்.

கழுவிய பின்னும் மங்கலாக இருந்தால், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு கண்ணை மாற்றுங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் எழுத்துகள் தெளிவில்லையெனில், குறை கண்ணிலும் இருக்கலாம், பரிசோதனைக்கு வாருங்கள். பார்வை திடீரெனக் குறைதல், மின்னல் போன்ற ஒளி தோன்றுதல், கரும்புள்ளிகள் மிதத்தல், சிவப்புடன் கூடிய வலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் அன்றே மருத்துவரைக் காணுங்கள்.