மெய்நிகர் கணினி இடம் மாறினால் இணைப்பு ஏன் அறுந்துபோகிறது?

ஊட்டி–கூடலூர் சாலையில் உள்ள நடுவட்டத்தில் பருவமழைக் காலத்தில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். அப்படியொரு ஜூலையில் எங்கள் ஆய்வகத்தின் முதன்மைக் கணினி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. அதில் வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்குள் உபுண்டுவில் இயங்கும் மெய்நிகர் கணினி ஒன்று இருந்தது. அதாவது, கணினிக்குள் மென்பொருளால் அமைந்த இன்னொரு கணினி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மைஎஸ்கியூஎல் பயிற்சிகள் அனைத்தும் அதில்தான் இருந்தன.

அதை வேறொரு கணினிக்கு மாற்றினேன். நன்றாக இயங்கியது, ஆனால் மற்ற கணினிகளிலிருந்து அதை அடைய முடியவில்லை. இத்தகைய நேரத்தில் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவத் தோன்றும். அவசரப்பட்டால் மாணவர்களின் உழைப்பு போய்விடும். உள்ளே தரவுகள் பத்திரமாகவே இருக்கும், முகவரிதான் குழம்பியிருக்கும். மாறுதலில் சென்ற ஆசிரியருக்குப் பழைய பள்ளி முகவரிக்கே கடிதம் போவதைப் போன்றது இது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. பிணைய அட்டை: 'பிரிட்ஜ்டு அடாப்டர்' முறையில் மெய்நிகர் கணினி, தான் இருந்த கணினியின் பிணைய அட்டையின் பெயரைக் குறித்து வைத்திருக்கும். புதிய கணினியில் அந்த அட்டை இருக்காது. நெட்வொர்க் அமைப்பில் சரியான அட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

2. மேக் முகவரி: இது ஒவ்வொரு அட்டைக்கும் உரிய 48 பிட் எண். இறக்குமதியின்போது வெர்ச்சுவல்பாக்ஸ், பிரிட்ஜ்டு அட்டைக்கு வழக்கமாகப் புதிய எண்ணைத் தந்துவிடும். உபுண்டுவின் நெட்பிளான் கோப்பில் பழைய எண் இருந்தால் ஐபி முகவரி கிடைக்காது. எண்ணைத் திருத்தி 'நெட்பிளான் அப்ளை' கட்டளை கொடுங்கள். பழைய எண்ணையே வைத்துக்கொள்வதானால், பழைய மெய்நிகர் கணினியை அணைத்துவிடுங்கள். ஒரே எண்ணில் இரண்டு இயங்கினால் இரண்டுமே தடுமாறும்.

3. சுவிட்சின் நினைவு: தரவு மையங்களில் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலேயே வேறு சர்வருக்கு மாற்றுவார்கள். மேக், ஐபி இரண்டும் மாறாது. ஆனால் அது பழைய வழியில் இருப்பதாகவே சுவிட்ச் நினைத்திருக்கும். 'இப்போது இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பைப் புதிய சர்வர் அனுப்ப வேண்டும். அது தவறினால், மெய்நிகர் கணினி ஏதேனும் செய்தி அனுப்பும்வரை அல்லது சுவிட்ச் பழைய பதிவை மறக்கும்வரை இணைப்பு கிடைக்காது. அந்தப் பதிவு பெரும்பாலும் 300 நொடிகள் நிலைக்கும்.

எங்கள் சிக்கல் இரண்டாவது வகை. ஒரு வரியைத் திருத்தியதும் பிங் கட்டளைக்குப் பதில் வந்தது. மாணவர்கள் தங்கள் அட்டவணைகளை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தனர். அடுத்த முறை இந்தச் சோதனைகளை மாணவர்களையே செய்யவிடுங்கள். பிணையப் பாடம் மனத்தில் நிற்கும்.