தமிழை அச்சேற்றிய பாதிரியார்

மாங்காட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பவர்களும் நன்றியோடு நினைக்க வேண்டியவர், ஹென்ரிக் ஹென்ரிகஸ் பாதிரியார்.

1520-இல் போர்த்துகலில் பிறந்தவர், கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் படித்தவர். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை விலக்கியது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வாழ்ந்து, விடாப்பிடியாகத் தமிழ் கற்றார். போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணமே எழுதினார்!

1578-இல், கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 16 பக்கங்கள்தான். ஆனால், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அதுவே. எவ்வளவு பெரிய பேறு!

மறு ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-இல் 'அடியார் வரலாறு' என உழைப்பு தொடர்ந்தது. 1600-இல் மறைந்த அவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள்.