பாட்டிச் சதுரம்: கொக்கி ஊசிப் பின்னலில் முதற் பாடம்

காத்திவாக்கம் வட்டாரத்து மகளிர் அங்கத்தினர் பலர் கொக்கி ஊசிப் பின்னலைப் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தனர். வீடுகளில் குரோஷா என்று வழங்குவது இதுவே. தறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலுருண்டையும் இருந்தால் திண்ணையில் அமர்ந்து செய்யலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, பல வாரம் மீன்பிடித் தொழில் முடங்கிற்று. அது முதற்கொண்டு, ஆற்றையும் கடலையும் நம்பிய குடும்பங்களில் வேறொரு வரவும் வேண்டும் என்னும் பேச்சு எழுந்தவண்ணம் இருக்கிறது. ஆகவே இதனைப் பொழுதுபோக்காக அன்றி, கூலிக்குரிய வேலையாகவே கருதி எழுதுகிறேன்.

நெசவாளர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நெசவில் பாவு, ஊடை என இருவகை இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இப்பின்னலில் இருப்பது ஒரே இழை. ஒரு கண்ணியினூடே மற்றொரு கண்ணியை இழுப்பதே முழு வித்தையும். இரட்டை ஊசிக் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை பிரிந்துவிடும். கொக்கி ஊசியிலோ பெரும்பாலும் ஒரே கண்ணிதான் திறந்திருக்கும். அடுப்பில் பால் பொங்கினால் ஊசியை வைத்துவிட்டு ஓடலாம். இன்னொரு விசேஷமும் உண்டு. உண்மையான கொக்கிப் பின்னலைப் பெருமளவில் செய்து தரும் எந்திரம் இன்றளவும் சந்தைக்கு வரவில்லை. கடையில் எவ்வளவு மலிவாக விற்றாலும் அது யாரோ ஒருவர் கையால் பின்னியதே. இதனைப் பின்னர் விலை பற்றிப் பேசும்போது நினைவிற் கொள்க.

பழகுவோர்க்கு ஏற்ற முதல் உருப்படி, ‘கிரானி ஸ்கொயர்’ எனப்படும் பாட்டிச் சதுரம். இதன் செய்முறை அச்சேறிய பழைய இடங்களுள் ஒன்று, 1885ஆம் ஆண்டில் அமெரிக்க உழவர் ஏடான ‘பிரெய்ரி ஃபார்மர்’. உழவர் வீடுகளில் எஞ்சிய கம்பளித் துணுக்குகளை வீணாக்காமல் சேர்த்துப் போர்வையாக்க உதவியது இச்சதுரம். நம் தறிகளிலும் பாவு முடிவில் நூல் எஞ்சுகிறது. அது மெல்லிய நூலாதலால், பல இழைகளைச் சேர்த்து முறுக்கினாலன்றி இதற்குப் பயன்படாது. எனவே தொடக்கத்துக்கு நடுத்தரத் தடிப்புள்ள உல்லன் நூலும் 4 மில்லிமீட்டர் கொக்கி ஊசியும் கொள்க. நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது.

முதலில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுக. நூலைக் கொக்கியில் வளைத்து முடிச்சினூடே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. இவ்வாறு 4 கண்ணி இழுத்தபின், ஊசியை முதற் கண்ணியில் நுழைத்து, நூலை வளைத்து, ஊசியிலுள்ள கண்ணியினூடேயும் ஒரே இழுப்பாக இழுத்தால் சங்கிலி வளையமாகும். இவ்விணைப்பை ஒட்டுக் கண்ணி என்போம்.

இனித் தூண். நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வளையத்துள் ஊசியை விட்டு நூலை இழுத்தெடுத்தால் ஊசியில் 3 கண்ணிகள் நிற்கும். நூலை வளைத்து 2 கண்ணிகளினூடே இழுக்க. மீண்டும் வளைத்து எஞ்சிய இரண்டினூடே இழுக்க. ஒரு தூண் முடிந்தது. இதற்குமேல் கற்க வேண்டிய பின்னல் எதுவுமில்லை, எஞ்சியது எண்ணிக்கையே.

முதற் சுற்று: 3 சங்கிலிக் கண்ணி இடுக, இதுவே முதல் தூணாகக் கணக்காகும். வளையத்துள் மேலும் 2 தூண். பின் மூலைக்காக 2 சங்கிலி. தொடர்ந்து 3 தூண், 2 சங்கிலி என மும்முறை. ஆக 4 தொகுதி, 4 மூலை. தொடக்கச் சங்கிலியின் தலையில் ஒட்டுக் கண்ணியால் சுற்றை முடிக்க.

இரண்டாம் சுற்று: அடுத்த 2 தூண்களின் தலைமீது ஒட்டுக் கண்ணி இட்டு மூலைத் துளைக்கு நகர்ந்து, துளையினுள்ளும் ஓர் ஒட்டுக் கண்ணி இடுக. அத்துளைக்குள்ளேயே 3 சங்கிலி, 2 தூண், 2 சங்கிலி, 3 தூண். இப்போது மூலை திரும்பியது. 1 சங்கிலி இட்டு அடுத்த மூலைக்குச் சென்று, அங்கே 3 தூண், 2 சங்கிலி, 3 தூண். மற்ற இரு மூலைகளும் அவ்வாறே. ஈற்றில் 1 சங்கிலி இட்டு முன்போல் சுற்றை முடிக்க. மூன்றாம் சுற்று முதல், மூலைகளில் இதே வேலை. பக்கங்களில் உள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் 3 தூண் மட்டும். தொகுதிக்குத் தொகுதி நடுவே 1 சங்கிலி.

சரிபார்க்க எளிய வழி உண்டு. எத்தனையாவது சுற்றோ, ஒவ்வொரு பக்கத்திலும் அத்தனை தொகுதி இருக்க வேண்டும். ஐந்தாம் சுற்றில் பக்கத்துக்கு 5. நான்கு இருந்தால் எங்கோ ஓர் இடைவெளியைத் தாண்டிவிட்டீர்கள். அங்கேயே பிரித்துவிடுவது நலம். யானும் இவ்வேலையைக் கற்றுப் பார்த்தேன். மூலைச் சங்கிலியை ஒவ்வொரு முறையும் மறந்ததால், என் முதற் சதுரம் கிண்ணமாய்க் குவிந்தது. இப்போது அலுவலக மேசைமீது குண்டூசிகளைத் தாங்கி நிற்கிறது. சங்கிலி மிகுந்தால் ஓரம் அலைபோல் சுருளும். கை இறுகிப் பின்னுவோர் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி கொள்ளலாம். முடிக்கும்போது நூலை நாலு விரல் நீளம் விட்டு அறுத்து, தையல் ஊசியில் கோத்துத் தூண்களினூடே முன்னும் பின்னும் செலுத்தி மறைக்க வேண்டும். வெறும் முடிச்சிட்டு ஒட்ட நறுக்கினால் இரண்டாம் சலவையில் பிரியும். வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

கூட்டுறவு வேலையில் இடர் இனிமேல்தான். ஒருவரே பின்னினால் எல்லாச் சதுரமும் ஏறக்குறைய ஓரளவாக அமையும். பத்துப் பேர் பின்னினால், ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே சுற்றெண்ணிக்கை ஆயினும், ஒன்று நாலங்குலம், மற்றொன்று ஐந்தங்குலம். இணைத்தால் விரிப்பு ஓரிடத்தில் இழுத்தும் ஓரிடத்தில் தொங்கியும் நிற்கும். நாங்கள் முதலிற் செய்த விரிப்பு அவ்வாறே ஆயிற்று. இரண்டு நாள் உழைப்பைப் பிரித்தெடுத்தோம். பின்னர் நாலரை அங்குலச் சதுரமாக அட்டைகள் வெட்டி ஆளுக்கொன்று தந்தோம். வலை முடிந்து பழகிய ஒரு மூதாட்டி அதைக் கண்டதும், “கண்ணி மாறாம இருக்கக் கட்டை வெச்சுத்தானே வலை முடிவோம், இதை முதல்லயே சொல்லக்கூடாதா” என்றார். சொல்லியிருக்க வேண்டியதுதான். சதுரத்தைச் சற்றே ஈரமாக்கி, அட்டையளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்தி உலரவிட்டால் சிறு பிசகுகள் நேராகும். உல்லன் நூல் பெரும்பாலும் அக்ரிலிக் ஆதலால், சூடான இஸ்திரிப்பெட்டி படக்கூடாது, இழை உருகிவிடும்.

அளவு ஒன்றாயின் எத்தனை கைகளும் ஒரு பொருளில் சேரலாம். 2016 ஜனவரி 31ஆம் நாள் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ என்னும் மகளிர் குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148 சதுர மீட்டருக்கு மேற்பட்ட போர்வையை விரித்து உலக சாதனை படைத்தனர்.

இனி விலை. 36 அங்குலம் அகலம், 54 அங்குலம் நீளமுள்ள விரிப்புக்கு, நாலரை அங்குலச் சதுரங்கள் 8 வரிசை, வரிசைக்கு 12, ஆக 96 வேண்டும். பழகிய கைக்குச் சதுரம் ஒன்றுக்கு அரைமணி என்று கொண்டால் 48 மணி. இணைப்பு வேலை இதற்குப் புறம்பு. அதாவது எட்டு மணி நேர வேலைநாள் ஆறு. ஆயினும் வாங்க வருவோர், “ஓய்வு நேரத்தில் செய்ததுதானே” என்று நூல் விலைக்குமேல் சிறு தொகை வைத்துக் கேட்கின்றனர். நம் பெண்களிலும் சிலர் அதற்கு இசைகின்றனர் என்பதே எனக்குக் கவலை.

ஆந்திரத்து நரசாப்பூரை நோக்குக. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிமார் புகுத்திய இவ்வூசி வேலை, அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலார் மரியா மீஸ் அப்பெண்களிடையே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாளெல்லாம் பின்னுவோர் ‘வீட்டிலிருக்கும் பெண்கள்’ என்றே எண்ணப்பட்டதால் கூலி மிகக் குறைந்திருந்ததையும், ஆதாயம் வணிகர் கைக்குப் போனதையும் அதில் விளக்கியுள்ளார். 2024இல் நரசாப்பூர்ப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு கிடைத்தது நன்றே. கூலியை நிர்ணயிப்பது யார் என்பது வேறு கேள்வி.

ஆதலின் பின்னல் தொடங்க விழையும் மகளிர், நூல் வாங்கும் முன்னரே ஒன்று செய்க. ஒவ்வொருவரும் 5 சதுரம் பின்னி, கடிகாரம் பார்த்து நேரத்தையும், நிறுத்துப் பார்த்து நூலெடையையும் குறித்து வரட்டும். அவற்றின் சராசரியைக் கொண்டு சதுரத்துக்கு இவ்வளவு கூலி என்று கூட்டத்தில் தீர்மானம் இயற்றி நடவடிக்கைப் புத்தகத்தில் பதிக. அட்டையளவில் தேறிய சதுரத்துக்குக் கூலியை அன்றே வரவு வைக்க வேண்டும். விரிப்பு விற்கும்வரை பின்னியவரைக் காத்திருக்கச் செய்யலாகாது. தேறாததைப் பிரித்தால் நூல் மீளும்.