ஆணுக்குள் மஞ்சள் கரு, பெண்ணுக்குள் கூட்டுப் பசை: ஒரே மாத்திரையின் வேலை தெரியுமா?

ஒரே கருத்தடை மாத்திரையில் இருப்பவை தண்ணீரில் கலந்தால், ஆண் மீனுக்குள் பெண்ணின் தன்மையையும் பெண் மீனுக்குள் ஆணின் தன்மையையும் தூண்டக்கூடும், தெரியுமா? மாலா-டி அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம், லீவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம். உலகெங்கும் விற்கும் பல கருத்தடை மாத்திரைகளிலும் இதே ஜோடிதான். சாப்பிட்டவரின் உடம்பிலிருந்து வெளியேறி, சாக்கடை வழியாக இது ஆற்றுக்குப் போகிறது.

அதிலும் ஓர் அதிசயம்! நம் கல்லீரல் எத்தினைல் எஸ்ட்ராடியாலைப் பெருமளவு கட்டிப்போட்டுச் செயலிழக்க வைத்துத்தான் வெளியே அனுப்புகிறது. சாக்கடை பாக்டீரியாக்களோ அந்தக் கட்டை அவிழ்த்து மறுபடி ஹார்மோனாக்கிவிடுகின்றன.

முதலில் ஆண் மீன் கதை. மீன் சினைக்குள் இருக்கும் மஞ்சள் கருவுக்கான புரதம் எங்கே உருவாகிறது தெரியுமா? கல்லீரலில்! வைட்டெல்லோஜெனின் என்று பெயர். ரத்தத்தில் ஏறிச் சினைப்பைக்குப் போகும். ஆண் மீனின் கல்லீரலுக்கும் இந்தக் கைவேலை தெரியும், உத்தரவு மட்டும்தான் வருவதில்லை. எத்தினைல் எஸ்ட்ராடியால் கலந்த தண்ணீர் அந்த உத்தரவைக் கொடுத்துவிடுகிறது. சினையே இல்லாத ஆண், மஞ்சள் கருப் புரதத்தை உற்பத்தி செய்து தள்ளுகிறது! போய்ச் சேர இடமில்லாமல் அது ரத்தத்தில் தேங்கி, சிறுநீரகத்தையே கெடுக்கிறது. பாவம், அந்த மீன் என்ன செய்யும்?

இது கண்ணாடித் தொட்டியில் மட்டும் நடப்பதல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 260-ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை ஒவ்வொரு கோடையிலும் கேரன் கிட் குழுவினர் எத்தினைல் எஸ்ட்ராடியால் கலந்தார்கள். எவ்வளவு? லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான்! 6,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒரே ஒரு மாத்திரையைக் கரைத்தால் வரும் அளவு. அதற்கே ஃபேட்ஹெட் மின்னோ என்ற குட்டி மீனின் ஆண்களில் விந்தணு வளர்ச்சி தடைபட்டது. சில ஆண்களின் விந்தகத்துக்குள்ளேயே சினை முட்டைகள் தோன்றின. பெண்களும் தப்பவில்லை, அவற்றின் சினை முதிர்ச்சியும் குழம்பியது. சில ஆண்டுகளே வாழும் மீன் அது. குஞ்சுகள் வராததால் கூட்டமே அழியும் விளிம்புக்குப் போனது. இதைச் சாப்பிட்டு வாழ்ந்த பெரிய லேக் டிரவுட் மீன்களும் குறைந்தன!

இங்கிலாந்திலோ யாரும் வேண்டுமென்று கலக்கவே இல்லை. 1998-இல் வெளியான ஆய்வில், கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் சில இடங்களில் பிடித்த ஆண் ரோச் மீன் அத்தனையிலும் பெண்மையின் அடையாளம் இருந்தது!

இனி மாத்திரையின் மறுபாதி, லீவோநார்ஜெஸ்ட்ரல். ஸ்டிக்கில்பேக் மீனில் கூடு கட்டுவது ஆண். அதற்கான பசையை அதன் சிறுநீரகமே சுரக்கிறது, அந்தப் பசைப் புரதத்தின் பெயர் ஸ்பிக்கின். பாசித் துணுக்குகளை ஒட்டி ஒட்டிக் கூடு கட்டும். பெண்ணுக்கு அந்த வேலையே கிடையாது. ஆனால் லிட்டருக்கு 40 நானோகிராம் லீவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த தண்ணீரில் வைத்தபோது, பெண்ணின் சிறுநீரகத்திலும் அந்தப் பசையின் மரபணு விழித்துக்கொண்டது! 2013-இல் வெளிவந்த ஆய்வு இது. அமெரிக்காவில் மாடுகளைக் கொழுக்க வைக்கக் கொடுக்கும் டிரென்போலோனும் மீனில் ஆண் ஹார்மோன் போல வேலை செய்யும் இதே ரகம்: ஆய்வகத்தில் அது பட்ட பெண் மின்னோவின் தலையில், ஆணுக்கு மட்டுமே முளைக்கும் முண்டுகள் முளைத்தன.

ஹார்மோனே இல்லாத மருந்து? நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின்! உடம்பில் சிதையாமல் அப்படியே சிறுநீரில் இறங்குவது. ஆய்வகத்தில் அது கலந்த தண்ணீரிலேயே வளர்ந்த ஆண் மின்னோக்களின் விந்தகத்திலும் சினை முட்டைகள் தென்பட்டதாக 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மனதுக்கு ஆறுதலான சேதியும் உண்டு. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் 260-ஆம் ஏரியில் மின்னோ கூட்டம் மீண்டுவிட்டது! சுவிட்சர்லாந்தில் 2016 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, முக்கியமான கழிவுநீர் நிலையங்கள் ஓசோன் அல்லது கிளர்வூட்டிய கரியைக் கொண்டு மருந்து எச்சம் போன்ற நுண்மாசுகளில் 80 சதவீதத்தை நீக்கியாக வேண்டும்.